பூ பார்க்கப் போன இடத்தில் இலை

காட்டுப்பூ நடை என்று பேர் வைக்கும்போதே ஒரு ஓரவஞ்சனை வந்துவிடுகிறது. பூவைக் காட்டித்தான் ஆளைக் கூப்பிடுகிறார்கள். முடிந்து வந்ததும் "இன்று பார்த்தவை" என்று எழுதிவைக்கும் பட்டியலிலும் பூத்தவை மட்டும்தான் இருக்கும். நானும் பூவுக்காகவே போகிறவள்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் போன வசந்தத்தில் ஸ்மோக்கி மலையில் ஒரு நடைக்குப் போய்வந்ததில் இருந்து, அந்தக் காட்டுத் தரையில் பூ எவ்வளவு சிறுபான்மை என்ற நினைப்பு மண்டையைக் குடைந்துகொண்டே இருக்கிறது. யாரிடமாவது சொன்னால், "சரி, அதனால என்ன?" என்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஒரு வரியில் பதில் சொல்ல வரவில்லை, அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

இடம் போர்ட்டர்ஸ் கிரீக். டென்னசியில் கேட்லின்பர்க் ஊரைத் தாண்டி, கிழக்கே ஆறு மைல் போனால் கிரீன்பிரையர் என்ற பக்கவாசல் வரும். அங்கிருந்து ஆற்றை ஒட்டியே உள்ளே போகும் சாலையின் முடிவில் பாதை தொடங்குகிறது. கிரேட் ஸ்மோக்கி மலைத் தேசியப் பூங்காவில் 1,500க்கும் மேற்பட்ட பூக்கும் தாவர வகைகள் உண்டு. 1951 முதல் வசந்தகாலத்தில் இங்கே காட்டுப்பூ யாத்திரை ஒன்று நடந்துவருகிறது. நிஜமாகவே யாத்திரை என்றுதான் பேர். வழிகாட்டிகள், பதிவுக்கட்டணம், கூட்டம் எல்லாம் உண்டு. நாங்கள் போனது அது இல்லை. அதற்குச் சில வாரம் முன்னால், ஏப்ரல் தொடக்கத்தில் நடந்த சிறிய நடை. பாதிப் பேர் கையில் வரைபுத்தகம், மீதிப் பேர் கையில் செல்போன். செல்போன் கட்சியில் என்னோடு வந்த அக்காவும் ஒருவர். சொந்த அக்கா இல்லை, இந்த ஊருக்கு வந்த புதிதில் எனக்கு எல்லாம் சொல்லிக்கொடுத்தவர்.

வழிகாட்டியாக வந்தவர் ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியை. எழுபதைத் தாண்டியிருப்பார், ஆனால் நடையில் எங்களை எல்லாம் மிஞ்சிவிடுவார். தொடங்கும்போதே ஒரு நிபந்தனை போட்டார். செடியின் பெயரைக் கடைசியில்தான் சொல்வாராம். முதலில் நாங்கள் எண்ண வேண்டும்: இதழ் எத்தனை, இலை எத்தனை, இலை தண்டில் எந்த இடத்தில் ஒட்டியிருக்கிறது. வரைகிறவர்களுக்கு இதைவிட நல்ல நிபந்தனை கிடையாது. பெயர் தெரிந்துவிட்டால் கை தளர்ந்துவிடும். ஆறு இதழைப் பார்த்து ஏழு வரைந்துவிட்டு, "ஹெபாட்டிகாதானே" என்று மனம் சமாதானம் சொல்லிக்கொள்ளும்.

முதல் மைல் பழைய சரளைச் சாலை. 1934ல் பூங்கா உருவாவதற்கு முன்னால் இது விவசாயிகள் குடியிருந்த பள்ளத்தாக்கு. பாசி படிந்த கல்சுவர்கள், கல்லறைத் தோட்டம், 1875ல் கட்டிய ஒரு பண்ணைக் கொட்டகை எல்லாம் இன்னும் இருக்கின்றன. உழுத நிலம் காடாகத் திரும்பியிருக்கிறது, ஆனால் தரைச்செடிகள் மரங்கள் அளவு வேகமாகத் திரும்புவதில்லை. இங்குள்ள வசந்தகாலச் செடிகள் பலவற்றுக்கு விதை பரப்பும் ஆள் எறும்பு. விதையோடு ஒட்டியிருக்கும் எண்ணெய்ச் சதைக்காக எறும்பு அதைப் புற்றுக்குத் தூக்கிப்போய், சதையைத் தின்றுவிட்டு விதையைக் குப்பையில் போடும். ஒரு தடவைக்குச் சில அடி, மிஞ்சிப்போனால் சில கெஜம். இந்த வேகத்தில் ஒரு பழைய சோளக்காட்டைக் கடக்க எத்தனை எறும்புத் தலைமுறை வேண்டும் என்று அக்கா கேட்டார். வழிகாட்டி சிரித்தாரே தவிர, பதில் சொல்லவில்லை.

முதலில் வரைந்தது ஹெபாட்டிகா. வெளிர் ஊதா. இதழ் என்று நாம் நினைப்பது தாவரவியல் கணக்கில் புல்லிதழ். அதன் கீழே மூன்று பச்சை இலைத்துண்டுகள், தண்டு முழுக்க வெள்ளி ரோமம். அந்த ரோமத்தைப் பென்சிலில் கொண்டுவர ஒரே வழி, ரோமத்தை வரையாமல் அதன் பின்னால் இருக்கும் நிழலை வரைவதுதான். அதன் இலை போன வருடத்தது. மூன்று மடல், செம்பு கலந்த பழுப்பு, ஓரம் கிழிந்தது. பனிக்காலம் முழுக்கப் படுத்துக் கிடந்த இலை. புது இலை பூவுக்குப் பிறகுதான் வருமாம்.

அப்புறம் பிளட்ரூட். எட்டோ பத்தோ வெள்ளை இதழ்கள், நடுவில் மஞ்சள் மகரந்தக் கொத்து. தண்டைக் கிள்ளினால் செம்மஞ்சள் சாறு வரும், ஆனால் பூங்காவுக்குள் கிள்ளுவது குற்றம். தேன் கிடையாது, மகரந்தம் மட்டும்தான். வெயிலில் விரியும், சாயங்காலம் மூடிக்கொள்ளும், பலத்த காற்று ஒன்று அடித்தால் இதழ் கொட்டிவிடும். ஒற்றை இலை தண்டைச் சுற்றிக்கொண்டு, குளிருக்குச் சால்வை போர்த்திய பாட்டி மாதிரி நிற்கும். பூ கொட்டிய பிறகு அந்த இலை பிரிந்து, உள்ளங்கையைவிடப் பெரிதாக வளர்ந்து, கோடை வரைக்கும் இருக்குமாம். அதாவது செடியின் பெரிய வேலை, பார்க்க வந்தவர்கள் எல்லாம் வீடு திரும்பிய பிறகுதான் ஆரம்பிக்கிறது. அந்த நிமிடத்தில் இதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வெள்ளைக் காகிதத்தில் வெள்ளைப் பூவை எப்படிக் கொண்டுவருவது என்பதிலேயே குறியாக இருந்தேன். பின்னால் கிடக்கும் சருகை அழுத்திக் கருப்பாக்கினால் பூ தானாக எழுந்து வரும். இது பழைய வித்தைதான், ஆனால் விரல் விறைத்துப்போன குளிரில் சருகை அழுத்திக் கருப்பாக்குவதும் ஒரு வேலை.

பாலத்துக்கு அப்பால்

முதல் மைல் முடிந்ததும் பாதை குறுகி, ஓடையின் மேல் நீளமான ஒற்றை மரப்பாலம் வரும். ஒரு பக்கம் மட்டும் கைப்பிடி. அதைக் கடந்ததும் தரை மாறிவிடுகிறது. சரிவு முழுக்க ஃபசீலியா. ஓரமெல்லாம் விளிம்பு நறுக்கிய குட்டி வெள்ளைப் பூ, லட்சக்கணக்கில். தூரத்தில் இருந்து பார்த்தால் பனி உருகாமல் மிச்சம் இருக்கிறதோ என்றே தோன்றும். செல்போன் கட்சி அங்கேயே நின்றுவிட்டது. இன்னும் கொஞ்சம் மேலே மஞ்சள் டிரில்லியம்: மூன்று இலை, நடுவில் காம்பே இல்லாமல் நேராக நிற்கும் மூன்று இதழ். முழுசாக விரியாத பூ. குனிந்து முகர்ந்தால் எலுமிச்சை வாசனை. இலையில் மூன்று விதப் பச்சையில் திட்டுத் திட்டாக இருக்கும், ஒவ்வொரு செடிக்கும் திட்டு வேறு. மானின் கண்ணுக்குத் தப்பத்தான் இந்தத் திட்டு என்று ஒரு கருத்து உண்டு.

பாதையோரக் கல்லில் உட்கார்ந்து, இருப்பதில் நன்றாக இருந்த ஒரு செடியைத் தேர்ந்தெடுத்தேன். இதழில் ஓட்டை இல்லாதது, இலை மடங்காதது. படத்தில் அது தனியாக நின்றது, சுற்றிலும் வெள்ளைக் காகிதம். தாவரப் படங்களில் அதுதான் வழக்கம்; ஒரு மாதிரிச் செடி, சுத்தமான பின்னணி. வழிகாட்டி பின்னால் வந்து நின்று பார்த்தார். "நன்றாக இருக்கிறது" என்றார். அப்புறம், கையில் இருந்த குச்சியால் தரையைத் தொடாமல் காற்றிலேயே ஒரு வட்டம் போட்டு, "இவர்கள் எல்லாம் யார்?" என்று கேட்டார்.

குனிந்து பார்த்தேன். நான் வரைந்த செடியைச் சுற்றி, சருகுக்கு நடுவே, கட்டைவிரல் நகத்தில் இருந்து உள்ளங்கை வரைக்கும் பல அளவில் இலைகள். ஒற்றை இலை. அதே திட்டு, அதே பச்சை, ஆனால் ஒன்றே ஒன்று. நடுநடுவே மூன்று இலை வந்தும் பூ இல்லாதவை. அவ்வளவு நேரம் அங்கேதான் இருந்தேன். அவை எனக்குத் தரையாகத்தான் இருந்தன. எல்லாமே டிரில்லியம் என்றார். விதை விழுந்த முதல் குளிர்காலத்துக்குப் பிறகு பெரும்பாலும் வேர் மட்டும்தான் விடும், இரண்டாவது குளிர்காலமும் கழிந்த பிறகுதான் பச்சை வெளியே தலைகாட்டும். அப்புறம் சில வருடம் ஒற்றை இலை. அப்புறம் சில வருடம் மூன்று இலை, பூ இல்லாமல். முதல் பூவுக்கு ஏழு வருடம், பத்து வருடம்கூட ஆகலாம். ஒரு பூ இருக்கும் சதுர கெஜத்தில் பூக்காத செடிகள்தான் கூட்டம், பூத்தது ஏதோ ஒரு மூத்த ஆள்.

"இன்னொன்றும் இருக்கிறது" என்றார். டிரில்லியத்துக்கு வருடத்துக்கு ஒரே ஒரு தண்டு. இலையும் பூவும் அதன் தலையில்தான். மான் ஒரே கடியில் எல்லாவற்றையும் எடுத்துவிடும். அதற்குப் பதில் அந்த வருடத்தில் வேறு தண்டு வராது. கிழங்கில் சேர்த்துவைத்ததை வைத்து அடுத்த வருடம் வரும், ஆனால் சிறுத்து வரும். பூத்த செடி பூக்காத செடியாகும். தொடர்ந்து கடிபட்டால் இன்னும் இறங்கும். ஆகவே அந்தச் சின்ன இலையைப் பார்த்து, "குழந்தை" என்று முடிவுகட்ட முடியாது, கீழே விழுந்து மறுபடி ஏறிவரும் கிழமாகவும் இருக்கலாம். வெளியே தெரியும் இலையை வைத்து வயதைச் சொல்ல வழியில்லை. கிழங்கில் வருடாவருடம் விழும் தழும்பை எண்ணினால் ஓரளவு தெரியுமாம், அதற்குச் செடியைத் தோண்ட வேண்டும்.

கூட்டம் நகர்ந்துவிட்டது. நான் பக்கத்தைத் திருப்பி ஒற்றை இலை ஒன்றை வரைய ஆரம்பித்தேன். இரண்டு அங்குலம் இருக்கும். காம்பு மெல்லியது, சருகு ஒன்றைத் துளைத்துக்கொண்டு வந்திருந்தது. ஓட்டை வழியாக நுழைந்தது இல்லை, இலை சுருண்டிருந்த நாளில் குத்திக்கொண்டு வந்து, அப்புறம் விரிந்திருக்கிறது. அதனால் சருகு காம்பில் கழுத்துப்பட்டை போல் மாட்டி நின்றது. நரம்புகள் அடியில் இருந்து கிளம்பி, வளைந்து, நுனியில் மறுபடி கூடுகின்றன. நடுவில் வலைபோல் குட்டி நரம்புகள். திட்டுகளின் எல்லை நரம்போடு பொருந்தவே இல்லை, யாரோ ஈரத் தாளில் சாயத்தைச் சிந்தியதுபோல் கலங்கியிருந்தது. ஓரத்தில் நத்தை ஒன்று தின்ற பிறை. பூவை வரையும்போது எங்கே தொடங்க வேண்டும் என்று கண்ணுக்குத் தெரியும். இலையில் அது கிடையாது. எங்கே பார்த்தாலும் ஒரே முக்கியம். பூவைவிட இதை வரைய அதிக நேரம் பிடித்தது.

இலையின் உத்தியோகம்

மரங்கள் இலை விடுவதற்கு முன்னால் இந்தக் காட்டுத் தரைக்கு நல்ல வெயில் விழும். மே மாதத்தில் மேற்கூரை மூடிவிட்டால் அதில் நூற்றில் சில பங்குதான் கீழே வரும். நடுவில் கிடைக்கும் அந்தச் சில வாரங்களில்தான் ஸ்பிரிங் பியூட்டி, ட்ரவுட் லில்லி, டச்மேன்ஸ் பிரீச்சஸ் மாதிரியான செடிகள் வருடம் முழுமைக்கும் சம்பாதித்தாக வேண்டும். ஜூன் வந்தால் இவை தரைக்கு மேலே இருந்த சுவடே இருக்காது. சம்பாதிப்பது இலை. பூ செலவுக் கணக்கு. ட்ரவுட் லில்லியில் இது அப்பட்டமாகத் தெரியும்: பூக்கிற செடிக்கு இரண்டு இலை, பூக்காததற்கு ஒன்று. ஒரு கூட்டத்தில் பெரும்பாலும் ஒன்றுதான். மண்ணுக்கடியில் அவற்றின் கிழங்கு இன்னும் ஆழமாக இறங்கிக்கொண்டிருக்கும்.

அந்தச் செடியைப் பற்றி 1976ல் ஒரு ஆய்வு வந்தது. நியூ ஹாம்ப்ஷயரில் ஹப்பர்ட் புரூக் காட்டில் முல்லரும் போர்மானும் செய்தது. பனி உருகும்போது மண்ணில் இருக்கும் பொட்டாசியமும் நைட்ரஜனும் ஓடையோடு அடித்துக்கொண்டு போகும்; மரங்கள் அப்போது இன்னும் விழிக்கவில்லை. அந்த நேரத்தில் அவற்றைப் பிடித்து வைப்பது ட்ரவுட் லில்லி. கோடையில் செடி வாடி மக்கும்போது அதே சத்து மண்ணுக்குத் திரும்பி, மரங்களுக்குக் கிடைக்கிறது. வசந்தகால அணை என்று இதற்குப் பேர் வைத்தார்கள். எல்லாக் காட்டிலும் இது ஒரே அளவில் நடக்கிறதா என்பதில் பின்னால் விவாதம் வந்தது. இருந்தாலும், நாம் கேமராவில் ஒதுக்கிவிடும் அந்தப் புள்ளிபோட்ட ஒற்றை இலைகள்தான் அணையின் பெரும்பகுதி என்பது எனக்குப் பிடித்திருக்கிறது.

இன்னொரு கணக்கு மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கான்கார்ட் ஊரில் இருந்து வருகிறது. 1850களில் தோரோ என்ற எழுத்தாளர் அங்கே எந்தச் செடி எப்போது பூத்தது, எந்த மரம் எப்போது துளிர்த்தது என்று குறித்துவைத்தார். இப்போதைய தேதிகளோடு அதை ஒப்பிட்டு 2019ல் ஒரு ஆய்வு வெளியானது. மரங்கள் சுமார் இரண்டு வாரம் முன்னாடி துளிர்க்கின்றன, கீழே இருக்கும் காட்டுப்பூச் செடிகளோ ஒரு வாரம்தான் முன்னாடி வருகின்றன. நடுவில் இருந்த வெயில் வாரங்கள் குறைகின்றன. செடி பூப்பது நின்றுவிடாது, உடனே யாருக்கும் தெரியாது. சம்பளம் மட்டும் குறைந்துகொண்டே வரும். அது மாசசூசெட்ஸ் கதை, ஸ்மோக்கி மலைக்கு அப்படியே பொருத்த வேண்டாம். ஆனால் இப்படி ஒரு மாற்றத்தைப் பூவை எண்ணிக் கண்டுபிடிப்பது கஷ்டம். இலையைப் பார்க்கிற பழக்கம் வேண்டும்.

அக்காவின் கட்சி

திரும்பி வரும்போது காரில் இதையெல்லாம் உற்சாகமாகக் கொட்டினேன். அக்கா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நீ சொல்றதப் பார்த்தா பூவே வேண்டாங்கிற மாதிரில்ல இருக்கு" என்றார். "பூ இல்லன்னா நான் இவ்ளோ தூரம் வருவேனா? நீதான் வருவியா?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை. அதோடு விட்டாரா என்றால் இல்லை. "அந்த வெள்ளப் பூவ எடுத்துக்கோ. அதுக்கு எங்க உங்க ஏழு வருஷம்?" சரியான இடத்தில் பிடித்துவிட்டார். ஃபசீலியாவின் கதை வேறு. இலையுதிர் காலத்தில் முளைத்து, பனிக்குள் சின்ன இலைக்கொத்தாகக் கிடந்து, வசந்தத்தில் பூத்து, விதை போட்டுச் செத்துவிடும். கிழங்கு இல்லை, அடுத்த வருடம் என்ற பேச்சே இல்லை. அதற்குப் பூதான் முழு ஆஸ்தியும். அதேபோல, ஸ்பிரிங் பியூட்டியின் மகரந்தத்தையே நம்பி வாழும் ஒரு சின்னத் தேனீ இருக்கிறது. அதனிடம் போய் இலையின் பெருமையைப் பேச முடியாது. "பார்த்தியா" என்றார் அக்கா.

"குறிஞ்சிய எடுத்துக்கோங்க" என்றேன், விடாமல். 2018ல் மூணாறில் குறிஞ்சி பூத்தபோது அக்காவின் அண்ணன் குடும்பத்தோடு, வேன் வைத்துக்கொண்டு போனது எனக்குத் தெரியும். "2019ல ஏன் போகல?" அக்கா கொஞ்ச நேரம் யோசித்தார். "அப்ப அங்க என்ன இருக்கும்?" நீலக்குறிஞ்சி பூத்து, விதை விட்டு, மடிந்துவிடும், அதன் பிறகு அந்தச் சரிவில் முளைத்துக் கிளம்பியவை 2030 வரைக்கும் வெறும் இலையும் தண்டும்தான். பன்னிரண்டு வருடத்தில் பதினோரு வருடம் சொச்சம் அந்த மலை பூ இல்லாத குறிஞ்சிக் காடு. அதைப் பார்க்க யாரும் வேன் பிடிப்பதில்லை. "இலையப் பார்க்க நானே வேன் பிடிக்க மாட்டேன்" என்று அக்கா முடித்துவிட்டார். வாதத்தில் யார் ஜெயித்தார்கள் என்று சொல்வது கஷ்டம். எனக்கென்னவோ ஓட்டு அக்காவுக்குத்தான் அதிகம் விழும் என்று தோன்றுகிறது.

ஆனால் ஒரு விஷயத்தில் நான் இறங்கிவருவதாக இல்லை, அது பாதையின் ஓரம். பூ மிகுந்த வாரங்களில் போர்ட்டர்ஸ் கிரீக் பாதையோரத்தைப் பார்த்தால் தெரியும், நல்ல பூ இருக்கும் இடத்திலெல்லாம் பாதை பிதுங்கியிருக்கும். படம் எடுக்க ஒரு எட்டு, கோணம் சரியாக வர இன்னொரு எட்டு, மண்டி போட ஒரு முழங்கால். வரைகிறவர்கள் இன்னும் மோசம், நாங்கள் அரைமணி நேரம் உட்காருவோம். யாரும் பூவை மிதிப்பதில்லை, அது கண்ணுக்குத் தெரிகிறதே. மிதிபடுவது ஒற்றை இலைகள். அந்த வருடத்துச் சம்பாத்தியம் அத்தோடு போச்சு. மான் கடிப்பதும் நம் செருப்பும் செடியின் கணக்கில் ஒன்றுதான். ஒரு பூவை நெருங்கிப் பார்க்கப் போய், அடுத்த பத்து வருடத்துப் பூக்களின் மேல் நிற்கிறோம். அன்று வழிகாட்டி குச்சியைத் தரையில் ஊன்றாமல் காற்றில் வட்டம் போட்டது ஏன் என்று எனக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் உறைத்தது.

அக்கா இதை மட்டும் மறுபேச்சில்லாமல் ஒத்துக்கொண்டார். அடுத்த வாரமே நீளமான செல்ஃபி குச்சி ஒன்று வாங்கிவிட்டார். பாதையிலேயே நின்றுகொண்டு, மீன் பிடிப்பதுபோல் அதைச் சரிவுக்கு மேலே நீட்டிப் படம் எடுக்கிறார். படங்கள் பெரும்பாலும் மேலிருந்து கீழே பார்த்த கோணத்தில் வருவதால், பூ சின்னதாகவும் சுற்றியுள்ள இலைகள் பெரிதாகவும் விழுகின்றன. அவருக்கு அது பிடிக்கவில்லை. எனக்கு அனுப்பிவைக்கிறார், நான் பார்த்து வரைந்துகொள்கிறேன்.